பழைய ஃபன்ஹவுஸ் பின்பால்: கழுவலாமா, கழட்டலாமா?

புதுக்கை · மார்ச் 2, இரவு 9:40

வில்லியம்ஸ் ஃபன்ஹவுஸ், 1990 மாடல் பின்பால் மெஷின் (சாய்வான தளத்துல இரும்புப் பந்தை மட்டையால தட்டி ஆடறது). பல கை மாறி வந்தது. ஆன் ஆகுது, ரூடி (ஆடுதளத்துல இருக்கிற பொம்மைத் தலை) பேசறான். வலது ஃபிளிப்பர் (பந்தைத் தட்டற மட்டை) நோஞ்சான். பந்து அங்கங்க நின்னு யோசிச்சுட்டுத்தான் உருளுது. ஆடுதளம் முழுக்கக் கருப்பு அப்பியிருக்கு.

என் திட்டம்: மேல இருக்கிறதை எல்லாம் ஒரே மூச்சுல கழட்டணும். ஆடுதளத்தை சோப்புத் தண்ணி விட்டுக் கழுவணும். காயிலுக்கெல்லாம் (மட்டையை இழுக்கிற மின்காந்தச் சுருள்) டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கணும். பல்பு எல்லாம் எல்இடி. ரெண்டு வாரக் கடைசி போதும்னு நினைக்கிறேன். சரிதானே?

டில்ட் · மார்ச் 2, இரவு 10:15

நாலு வேலை சொல்லியிருக்கீங்க. நாலுமே வேண்டாம்.

தண்ணி: ஆடுதளம் பிளைவுட். மேல பெயின்ட், அதுக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சு. முப்பது வருஷத்துல அந்தப் பூச்சுல மயிரிழை மாதிரி விரிசல் விழுந்திருக்கும். தண்ணி அது வழியா மரத்துக்குள்ள போனா நார் உப்பி எழும்பும், அதோட பெயின்ட்டும் எழும்பும். அதுக்கப்புறம் அதைப் படுக்க வைக்க முடியாது.

டபிள்யூடி-40: பின்பால்ல காயிலுக்கு எண்ணெயே கிடையாது. பிளஞ்சர், அதாவது காயில் இழுக்கிற இரும்புத் தண்டு, நைலான் ஸ்லீவுங்கிற குழாய்க்குள்ள காய்ஞ்ச நிலையில ஓடணும். எண்ணெய் பட்டா இரும்புத் தூளும் தூசியும் சேர்ந்து கருப்புப் பசையாகி, ஒரு மாசத்துல இப்ப இருக்கிறதை விட மோசமாகும். அதுவும் இல்லாம, தீப்பிடிக்கிற சரக்கு அது. ஸ்விட்ச் பொறி பறக்கிற இடத்துக்குப் பக்கத்துல எதுக்கு?

எல்லாத்தையும் ஒரே மூச்சுல கழட்டறது: இதை நாளைக்கு விரிவா எழுதறேன். எல்இடி பத்தி அவசரமே இல்ல.

ஓம்ஸ் · மார்ச் 2, இரவு 11:02

அழுக்கு எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல பேட்டரி. பிளக்கைப் பிடுங்கிட்டு தலைப்பெட்டியை (பின்னாடி நிமிர்ந்து நிக்கிற பெட்டி) திறங்க. சிபியு போர்டுல (மெஷினோட மூளை) மூணு ஏஏ பேட்டரி இருக்கும். இன்னிக்கே எடுத்துடுங்க. ஆன் பண்ணும்போது "ஃபேக்டரி செட்டிங்ஸ் ரீஸ்டோர்டு"னு வந்தா பேட்டரி செத்துப் பல நாள் ஆச்சுன்னு அர்த்தம். செத்த ஆல்கலைன் பேட்டரிதான் ஒழுகும்.

ஒழுகியிருந்தா போர்டைக் கழட்டி எடுத்து, வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால அந்த இடத்தை மட்டும் தேயுங்க. ஆல்கலைன் கசிவு காரம், அதை அடக்க அமிலம் வேணும். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணி, கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. பச்சை பூத்த இடம் சிப் சாக்கெட்டுக்கு அடில போயிருந்தா சாக்கெட்டையே மாத்தணும். மேலோட்டமா துடைச்சா அடில அரிச்சுக்கிட்டே இருக்கும்.

திரும்பப் போடும்போது பேட்டரி ஹோல்டரை ஒயர் இழுத்துப் போர்டுக்கு வெளிய, அதுக்குக் கீழ மாட்டுங்க. இல்லன்னா பேட்டரியே தேவைப்படாத என்விரேம் (மின்சாரம் இல்லாமலும் நினைவு வெச்சிருக்கிற) சிப் போடலாம். பழைய சிப்பை எடுக்க சால்டர் கை வேணும். முதல் முயற்சியா அந்தப் போர்டுல பழகாதீங்க.

டில்ட் · மார்ச் 3, காலை 7:20

ஓம்ஸ் சொன்னதோட பியூஸையும் சேருங்க. ஒவ்வொண்ணாக் கழட்டி மீட்டர் வெச்சுப் பாருங்க. கண்ணால பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. முனை உள்ளுக்குள்ள விட்டிருந்தாலும் கம்பி முழுசாத்தான் தெரியும். அதை விட முக்கியம், எழுதியிருக்கிற மதிப்புதான் உள்ள இருக்கான்னு பாருங்க. பழைய மெஷின்ல 5 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்துல 10 இருக்கும், சில சமயம் ஜிகினாத் தாள் சுத்தியிருக்கும். பியூஸ் எரியாது, காயிலோ ஒயரோ எரியும்.

புதுக்கை · மார்ச் 3, இரவு 8:30

பேட்டரி ஒழுகல, தப்பிச்சேன். நீளமா இருக்கிற பியூஸ் ஒண்ணு வேற மதிப்பு, மாத்திட்டேன். கண்ணாடியை எடுக்கும்போது ஏதாவது கவனிக்கணுமா அண்ணே?

டில்ட் · மார்ச் 3, இரவு 9:05

காசுக் கதவைத் திறந்தா உள்ள ஒரு லீவர். அதைத் தள்ளினா முன்பக்க உலோகப் பட்டை கழண்டு வரும், கண்ணாடியை உங்க பக்கமா இழுங்க. 21 அங்குலம் அகலம், 43 நீளம், டெம்பர்டு கண்ணாடி. நடுவுல குத்தினாத் தாங்கும். ஓரம் டைல்ஸ்ல லேசா இடிச்சா மொத்தமும் அரிசியாக் கொட்டும். கீழ மடிச்ச போர்வை போட்டு, அது மேல சாய்ச்சு வைங்க. வெறும் தரையில ஒரு நிமிஷம் கூட வேண்டாம்.

அடுத்தது பந்து. மூணையும் கையால எடுத்த பிறகுதான் ஆடுதளத்தைத் தூக்கணும். மறந்தா, ஒவ்வொண்ணும் 80 கிராம் இரும்புக் குண்டு, சரிஞ்சு போய் எதையாவது உடைக்கும். எடுத்த பந்தை வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க. சின்னக் குழி, கோடு இருந்தாத் தூக்கிப் போடுங்க. பாலிஷ் பண்ணாதீங்க. குழி விழுந்த பந்து எமரி ஷீட் மாதிரி, நீங்க துடைச்ச தளத்தை ஒரே வாரத்துல தேய்ச்சிடும். 27 மில்லிமீட்டர் புதுப் பந்து ஒண்ணும் யானை விலை இல்ல.

கதவைத் திறந்தா காயில் கரன்ட் தானா நிக்கும்னு நம்பாதீங்க, அந்த ஏற்பாடு பின்னாடி வந்த மெஷின்கள்லதான். பிளக்கைப் பிடுங்குங்க. தலைப்பெட்டியில எழுத்து காட்டற பலகைக்கு நூறு வோல்ட் ஓடுது, அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

டில்ட் · மார்ச் 4, காலை 6:50

ஒரே மூச்சுல கழட்டறது பத்திச் சொல்றேன்னேன். தொடக்கக்காரர் மெஷின் பாதில நிக்கிறதுக்குக் காரணம் துருவோ அழுக்கோ இல்ல, டப்பா நிறைய ஸ்க்ரூ. ஃபன்ஹவுஸ் மாதிரி மெஷின்ல ராம்ப் (பந்து ஏறி ஓடற சரிவுப் பாதை), படிக்கட்டு, ரூடி தலை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு. எது மேல எது, எந்த ஸ்க்ரூ எந்த நீளம்னு மூணு வாரம் கழிச்சு ஞாபகம் இருக்காது. நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்துல போட்டா அடில துளைச்சு ஒயர்ல இறங்கும்.

ஆடுதளத்தை நாலு பகுதியாப் பிரிங்க. ஒரு பகுதியைக் கழட்டு, துடை, ரப்பர் மாத்து, திரும்ப மாட்டு, ஆன் பண்ணிச் சோதி. அப்புறம் அடுத்தது. கழட்டறதுக்கு முன்னாடி மேல இருந்து ஒரு படம், சாய்வா ஒரு படம், ஒவ்வொரு அடுக்கு கழண்டதும் இன்னொண்ணு. ஸ்க்ரூவைக் கழண்ட பிளாஸ்டிக்கோடவே ஒரே ஜிப் பையில போட்டு, பை மேல எழுதுங்க. முட்டை அட்டையும் நல்லதுதான், தட்டிவிடற வரைக்கும்.

இன்னொண்ணு: முதல்ல எல்லாம் வேலை செய்யணும், அப்புறம்தான் பளபளப்பு. துடைச்சு மெழுகு போட்ட பிறகு ஃபிளிப்பர் வேலைக்கு ஆடுதளத்தை நாப்பது தடவை தூக்கி இறக்குவீங்க.

புதுக்கை · மார்ச் 5, மதியம் 1:15

அப்போ நோஞ்சான் ஃபிளிப்பர்ல ஆரம்பிக்கிறேன். காயில் மாத்தணுமா?

டில்ட் · மார்ச் 5, இரவு 7:40

காயில் கடைசி. செம்புச் சுருள் சும்மா பலவீனம் ஆகாது. அது நல்லா இருக்கும், இல்ல எரிஞ்சிருக்கும், நடுவுல ஒரு நிலை கிடையாது. தேயறது மத்ததெல்லாம். ஒரு ரீபில்டு கிட் வாங்கினா பிளஞ்சர், அதோட இணைப்பு, காயில் ஸ்டாப், நைலான் ஸ்லீவ், ஸ்பிரிங், ஈஓஎஸ் ஸ்விட்ச் (எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக், மட்டை முழுசா மேல வந்ததைக் கண்டுபிடிக்கிறது) எல்லாம் வரும். மூணு ஃபிளிப்பர் இருக்கு, மூணுக்கும் போடுங்க. ஒண்ணை மட்டும் புதுசாக்கினா மத்த ரெண்டும் சொத்தையாத் தெரியும்.

கழட்டின பிளஞ்சர் முனையைப் பாருங்க. காளான் மாதிரி விரிஞ்சிருந்தா அதுதான் ஸ்லீவுக்குள்ள உரசினது. ஸ்லீவ் காயிலை விட்டுக் கையால இழுத்தா வரணும். வரலன்னா காயில் எப்பவோ சூடாகி உருகியிருக்கு. அப்ப மட்டும் காயிலையும் மாத்துங்க.

ஈஓஎஸ்: இந்த மெஷின்ல ஃபிளிப்பர் காயிலுக்குள்ள ரெண்டு சுருள். தடிச்ச கம்பி, நாலு ஓம் அளவு, தூக்கறதுக்கு. மெலிஞ்ச கம்பி, நூறு ஓமுக்கு மேல, தூக்கினதைப் பிடிச்சு வைக்க. ஈஓஎஸ் ஓய்வுல மூடியிருக்கும், அப்ப ரெண்டு சுருள்லயும் கரன்ட் போனாலும், பெரும்பகுதி தடிச்சது வழியாப் போய் அதுதான் இழுக்கும். மட்டை முழுசா மேல வந்ததும் ஈஓஎஸ் திறக்கணும், இடைவெளி ஒண்ணரை மில்லிமீட்டர்ல இருந்து மூணு வரைக்கும். திறக்கலன்னா தடிச்ச சுருள் முழுக் கரன்ட்டை இழுத்து எரியும், மீன் கருகின வாசனை வரும். கரி பிடிச்சுச் சரியா மூடலன்னா நோஞ்சான். உங்க வலது பக்கம் அனேகமா இதுதான். எமரி ஷீட் வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க.

மட்டையை மேல மாட்டும்போது காகிதம் கூட நுழையாத மாதிரி இறுக்காதீங்க. லேசா மேலும் கீழும் ஆடணும். இல்லன்னா நைலான் புஷ் உரசி மட்டை பாதியிலயே தொங்கும். மட்டையோட நிலைக்கு ஆடுதளத்துல சின்ன ஓட்டை இருக்கும். அதுல பல்குச்சியைக் குத்தி, மட்டை அதைத் தொடற மாதிரி வெச்சு இறுக்குங்க.

ஓம்ஸ் · மார்ச் 5, இரவு 8:22

எமரி ஷீட்டா? டில்ட், எல்லா ஸ்விட்ச்சையும் தேய்ச்சிடப் போறாரு.

டில்ட் · மார்ச் 5, இரவு 8:50

சரியான குட்டு. திருத்தம்: தேய்க்கலாம்னு சொன்னது ஈஓஎஸ் ஸ்விட்ச்சையும், பக்கவாட்டுல ஃபிளிப்பர் பட்டனுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்விட்ச்சையும் மட்டும். அது ரெண்டும் டங்ஸ்டன், பெரிய கரன்ட் நேரா அது வழியாப் போகுது. அதுக்கும் எமரி ஷீட் வேண்டாம், மணல் உதிரும். மெல்லிசான ஸ்விட்ச் ஃபைல் வாங்குங்க.

மத்த ஸ்விட்ச் எல்லாம், டார்கெட் (பந்து மோதற பலகை), ரோலோவர் (பந்து மேல உருண்டு அழுத்தறது), பந்து இறங்கற வழி, தங்கப் பூச்சு. கரன்ட் கொஞ்சம்தான். ஒரு தடவை ஃபைல் போட்டாப் பூச்சு போயிடும், அதுக்கப்புறம் என்ன பண்ணினாலும் மாசத்துக்கு ஒரு தடவை மக்கர். விசிட்டிங் கார்டுல ஆல்கஹால் தொட்டு, ரெண்டு இதழுக்கு நடுவுல வெச்சு, மெல்ல அழுத்தி இழுங்க. கார்டுல கருப்புக் கோடு வரும். கோடு வராத வரைக்கும் இழுங்க.

இந்த ஈஓஎஸ் கணக்கும் இந்தத் தலைமுறைக்குத்தான். 1992-ல ஃபிளிப்பரை எலக்ட்ரானிக்கா ஓட்டற ஃபிளிப்ட்ரானிக்ஸ் போர்டு வந்த பிறகு தலைகீழ்: ஓய்வுல திறந்து, மேல வந்ததும் மூடும், கரன்ட்டும் சொற்பம். அந்த வருஷத்து ஆடம்ஸ் ஃபேமிலி மெஷின் வெச்சிருக்கிறவங்க மேல எழுதினதைப் படிச்சு வளைச்சுடாதீங்க.

ஓம்ஸ் · மார்ச் 6, காலை 9:10

பழைய காயிலை எடுத்தாலும் டயோடுகளோட வெள்ளைக் கோடு எந்தப் பக்கம்னு படம் எடுத்துக்குங்க. மாத்திச் சால்டர் பண்ணினா பியூஸ் போகும். அதிர்ஷ்டம் கெட்டா டிரான்சிஸ்டரும். ஈஓஎஸ் பக்கத்துல ஒரு கெபாசிட்டர் இருக்கும், 2.2 மைக்ரோஃபாரட் 250 வோல்ட். அது பொறியை அடக்கறதுக்கு. சிலர் வெட்டி எறிஞ்சிருப்பாங்க. புதுசு போடுங்க, இல்லன்னா புது ஈஓஎஸ்ஸும் சீக்கிரமே கரி பிடிக்கும்.

புதுக்கை · மார்ச் 9, இரவு 10:30

வலது ஃபிளிப்பர் இப்ப பந்தைச் சுட்டு எறியுது! ஆனா ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினா மெஷின் மொத்தமா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ஏதோ கெடுத்துட்டேன்.

ஓம்ஸ் · மார்ச் 9, இரவு 10:48

கெடுக்கல. ஃபிளிப்பர் இப்பத்தான் முழுசாக் கரன்ட் இழுக்குது, ஏற்கனவே இருந்த நோய் வெளிய வந்திருக்கு. டபிள்யூபிசி (வில்லியம்ஸோட அந்தக் கால போர்டு அமைப்பு) மெஷின்களோட பரம்பரை வியாதி இது. ரெண்டு ஃபிளிப்பர் சேர்ந்து இழுக்கும்போது 5 வோல்ட் லைன் சரியுது, சிபியு போர்டுல இருக்கிற காவல்காரச் சிப் ரீசெட் பண்ணிடுது.

வரிசையாப் பாருங்க: சுவர் பிளக்குல வோல்ட் சரியா இருக்கா. பவர் டிரைவர் போர்டுல ஜே101 கனெக்டர் ஆடுதா, பின் பழுப்பா இருக்கா. அப்புறம் பிஆர்2 பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கறது), சி5 கெபாசிட்டர், 15,000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட். முப்பது வருஷக் கெபாசிட்டர் காய்ஞ்சிருக்கும். போர்டுல 5 வோல்ட்டை அளந்துட்டு எழுதுங்க. 4.9-க்குக் கீழன்னா சந்தேகமே இல்ல.

பக்கத்துலயே ஜே115, ஜே120, ஜே121 பாருங்க. விளக்குக் கரன்ட் முழுக்க அது வழியாத்தான். பிளாஸ்டிக் பழுப்பா, மொறுமொறுன்னு இருந்தா போர்டுல இருக்கிற பின், ஒயர்ல இருக்கிற பின் ரெண்டையும் மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா எரிஞ்சது புதுசையும் எரிக்கும்.

புதுக்கை · மார்ச் 10, இரவு 9:00

4.82. கெபாசிட்டரும் பிரிட்ஜும் வெளிய கொடுத்து மாத்தறேன். அது வர வரைக்கும் துடைக்கலாமா? தண்ணி இல்லாம எப்படி?

டில்ட் · மார்ச் 10, இரவு 9:45

துடைக்கலாம். நாலு சாமான்: நாப்தா (சீக்கிரம் ஆவியாகிற பெட்ரோலியக் கரைப்பான்), மெலிசா அரைக்கிற பிளாஸ்டிக் பாலிஷ் (நோவஸ் 2), கார்னூபா மெழுகு, நிறைய வெள்ளை பனியன் துணி. வெள்ளையா இருந்தாத்தான் எதைத் துடைக்கிறோம்னு தெரியும்: கருப்பு வந்தா அழுக்கு, சிவப்பு வந்தா நிறுத்துங்க, அது பெயின்ட்.

முதல்ல காய்ஞ்ச பிரஷ், கூடவே வேக்யூம். அப்புறம் துணியில நாப்தா தொட்டு ஒரு சாண் இடம், துணியைத் திருப்பி அடுத்த சாண். நாப்தா தண்ணி மாதிரி மரத்தை உப்ப வைக்காது, உடனே ஆவியாயிடும். ஜன்னலைத் திறங்க. மெஷின் பிளக் வெளிய இருக்கணும், பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது. ரப்பர் கருப்பும் பழைய மெழுகும் இதுலயே பாதி போயிடும்.

மிச்சத்துக்கு நோவஸ் 2. பட்டாணி அளவு, சின்ன வட்டமாத் தேய்ச்சு, பளிச்சுன்னு வரும்போது வேற துணியால எடுங்க. விரிசல் நிறைய இருக்கிற இடத்துல போடாதீங்க, வெள்ளைப் பொடி விரிசல்ல தங்கி ஆயுசுக்கும் தெரியும்.

கடைசியா கார்னூபா, மெலிசா ரெண்டு கை. கிளீனர் கலந்த மெழுகு, சிலிகான் ஸ்ப்ரே வேண்டாம். சிலிகான் விரிசல்ல இறங்கினா பின்னாடி பெயின்ட் தொடவோ கிளியர்கோட் அடிக்கவோ முடியாது, ஒட்டாது.

டில்ட் · மார்ச் 11, காலை 6:30

மெலமைன் ஸ்பாஞ்ச் பத்தி வேணும்னேதான் நேத்து எழுதல. ஆல்கஹால்ல நனைச்சு அதைத் தேய்ச்சா மாயம் மாதிரி அழுக்கு போகும், உண்மை. ஆனா அது அழுக்கைக் கரைக்கல, மேல் பூச்சைச் சீவுது. 1990 வாக்குலதான் வில்லியம்ஸ் டயமண்ட்பிளேட்ங்கிற கெட்டிப் பூச்சுக்கு மாறிக்கிட்டிருந்தது. அதுக்கு முந்தின மெல்லிய லாக்கரா உங்களுதுன்னு தெரியாம தொடாதீங்க. கெட்டிப் பூச்சுன்னாலும், பந்து உருண்டு வாய்க்கால் மாதிரி கருத்த தடத்துல மட்டும், ரெண்டு மூணு தடவை, அவ்வளவுதான். பக்கவாட்டு கேபினெட் படத்துல வேண்டவே வேண்டாம், நிறம் துணியோட வந்துடும்.

தலைப்பெட்டிப் படம் பிளாஸ்டிக் ஷீட், முன்பக்கம் ஈரத்துணி போதும். இதை விடப் பழைய மெஷின்ல கண்ணாடிக்குப் பின்னால பெயின்ட் அடிச்சிருந்தா பின்பக்கத்தை விரலால கூடத் தொடக்கூடாது, உதிரும்.

ராம்ப், பிளாஸ்டிக் எல்லாம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி. இது தனியாக் கழட்டி எடுத்தது, தண்ணி ஆகாதுன்னது மரத்துக்கு. ரூடி முகத்துக்கும் சோப்பு ஈரத்துணி மட்டும். ஆல்கஹால் பட்டா உதட்டுப் பெயின்ட் போயிடும், அப்புறம் அவன் பேசறதைக் கேக்கவே பயமா இருக்கும். (ரூடி குரல் எட் பூன். ஆமா, மார்ட்டல் காம்பட் வீடியோ கேமை உருவாக்கினவர்ல ஒருத்தரான எட் பூன்தான்.)

புதுக்கை · மார்ச் 14, மாலை 6:20

ஒரு போஸ்ட் (ரப்பர் வளையம் மாட்டற தூண்) ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கல. ரப்பர் கருப்பா வெள்ளையா? எல்இடி எப்ப?

டில்ட் · மார்ச் 14, இரவு 8:00

ஓட்டைல பெவிகால் விட்டு மூணு நாலு பல்குச்சி அடிச்சு, மட்டமா வெட்டி, ஒரு நாள் காய விட்டு ஸ்க்ரூவைக் கையால முறுக்குங்க. டிரில் மெஷின்ல இறக்கினா மறுபடி அதே கதை.

வெள்ளை கொஞ்சம் அதிகமாத் துள்ளும், அழுக்கு தெரியும். கருப்பு மெதுவாத் துள்ளும், பொடி விடும். அந்தப் பொடிதான் நீங்க இத்தனை நாள் துடைச்சது. மெஷின் பேர் சொல்லி செட்டா வாங்குங்க, வளைய அளவு உள்விட்டம்தான். ரொம்ப இழுத்து மாட்டின வளையம் துள்ளாது, சீக்கிரம் அறும்.

எல்இடி: முதல் நாள் அவசரமில்லன்னேன், இப்ப பாதி மாத்திக்கறேன். இதுல இருக்கிற 555-ம் நம்பர் பல்பு ஒவ்வொண்ணும் கால் ஆம்பியர் இழுக்குது. அத்தனையும் சேர்ந்துதான் ஜே115 பொசுங்கறது. அதனால பொது விளக்குக்கு எல்இடி நல்லதுதான். ஆனா இந்த மெஷின் விளக்கை மங்கவும் வைக்கும். அப்ப மலிவு எல்இடி நடுங்கும். பத்து வாங்கிப் போட்டுப் பாத்துட்டு மிச்சம் வாங்குங்க. பொசுங்கின கனெக்டரை அப்படியே விட்டுட்டு எல்இடி மட்டும் போட்டா வைத்தியம் ஆகாது.

புதுக்கை · மார்ச் 20, இரவு 9:15

கெபாசிட்டர் மாத்தி 5.03. ரீசெட் நின்னுடுச்சு! ஆனா பந்து இடது பக்கமே போகுது. இன்னொரு சந்தேகம், நாளைக்கு இதைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போனா அங்க 230 வோல்ட்டுல ஓடுமா?

ஓம்ஸ் · மார்ச் 20, இரவு 9:40

டிரான்ஸ்ஃபார்மர் முதன்மைச் சுருளுக்கு ஜம்பர் (இணைப்பு ஒயர்) மாத்தினா 230-க்கு ஓடும், மேனுவல்ல படம் இருக்கு. மெயின் பியூஸ் மதிப்பும் குறையணும். நிறையப் பேர் மறக்கறது வாரிஸ்டர் (வோல்ட் எகிறினா மெஷினைக் காக்கற பாகம்): மின்பெட்டியில இருக்கிற 130 வோல்ட் வாரிஸ்டரை 275-க்கு மாத்தணும். மறந்தா ஸ்விட்ச் போட்ட நொடியில வெடிக்கும்.

டில்ட் · மார்ச் 21, காலை 7:05

இடது பக்கச் சாய்வுக்கு ரசமட்டத்தை கேபினெட் மேல வைக்காதீங்க, ஆடுதளத்து மேல குறுக்கா வைங்க. கால் அடில இருக்கிற திருகை முறுக்கிச் சரி பண்ணி, நட்டை இறுக்குங்க. அப்புறம் பின்காலைத் தூக்கி ஆறரை டிகிரி. மெழுகு போட்ட பிறகு பந்து வேகமாயிருக்கும், அதைச் சாய்வு தப்புன்னு நினைச்சுக் குறைக்காதீங்க.

புதுக்கை · மார்ச் 22, இரவு 11:10

எல்லாம் மாட்டியாச்சு. கையில மூணு ஸ்க்ரூ மிச்சம்.

டில்ட் · மார்ச் 22, இரவு 11:25

கையில இருக்கிற மூணு பரவாயில்ல, படத்தைப் பாத்து இடம் கண்டுபிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாம விழுந்ததுதான் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கி, ஆடுதளத்தைத் தூக்கி, குச்சியில காந்தம் கட்டி கேபினெட் அடித்தட்டு முழுக்க ஓட்டுங்க, டிரான்ஸ்ஃபார்மர் சந்து உட்பட. பந்தை முதல்லயே எடுத்தீங்கதானே?

புதுக்கை · மார்ச் 22, இரவு 11:52

எடுத்தேன். காந்தத்துல அஞ்சு ஸ்க்ரூ, ஒரு வாஷர், ஒரு 25 சென்ட் நாணயம் வந்துச்சு.

ஓம்ஸ் · மார்ச் 22, இரவு 11:58

25 சென்ட் காந்தத்துல ஒட்டாதே?

புதுக்கை · மார்ச் 23, நள்ளிரவு 12:04

வாஷர்ல பழைய கம் ஒட்டியிருந்துச்சு. கம்ல நாணயம்.